அவன் களைத்த இடம்

போர்க்காலத்தில் முள்ளிக்குளத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் கிடைக்காது. ஸ்டாண்டில் நிறுத்திய சைக்கிளை ஒருவர் உழக்கினால்தான் டைனமோவில் கசெற் பாடும். எங்கள் இருவருக்கும் உயிரான ஆங்கில ராக் குழுவின் பாட்டு ஒன்று இருபது நிமிடம் ஓடும். "நீ இருந்து கேள், நான் உழக்குறன்" என்று நண்பன் ஏறிவிடுவான். ஓர்கன் வாத்தியம் தனித்து எழும் இடத்தில் அவன் கால் களைக்கும். பாட்டும் இழுபட்டு மெல்ல நடக்கும். எனக்குப் பிடித்ததே அந்த இடம்தான்.

இப்போது பாரிசில் இருக்கும் அவன், போன கிழமை அதே பாட்டை என் கைபேசிக்கு அனுப்பியிருந்தான். தாழ்வுபாட்டுக் கடற்கரையில் நின்று இரண்டு தரம் கேட்டேன். ஓர்கன் எங்கும் தயங்காமல் ஓடிப்போய்விட்டது. மூன்றாம் தரம் கேட்க மனம் வரவில்லை.

அழைப்பெடுத்து, "எப்பிடியடா இருக்கு?" என்று கேட்டான்.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இதில நீ களைக்கேல்லையே" என்றேன்.