ஷெட்டிலிருந்து வந்த பன்னிரண்டு பேர்

என் அக்கா எந்தக் கதவையும் தட்டாமல் திறந்ததில்லை. அதுவும் சரியாக இரண்டு தட்டு. விரலை மடக்கி டொக், டொக். பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் நிற்பாள். "நான்தான்" என்பாள். அதற்கப்புறம்தான் கை தாழ்ப்பாளுக்குப் போகும். அடுத்தவர் வீட்டுக் கதவு என்றால் மரியாதை என்று விட்டுவிடலாம். தன் வீட்டுக் கதவையும் தட்டுவாள், உள்ளே ஒரு ஈ காக்கை இல்லாவிட்டாலும். ஒருமுறை என் வீட்டுச் சமையலறையில் சர்க்கரை டப்பாவை எடுக்க அலமாரிக் கதவைத் தட்டினாள். "வாங்க, வாங்க, உக்காருங்க" என்று நான் சர்க்கரைக்குப் பதிலாகக் குரல் கொடுத்தேன். என் மகள் அவளுக்கு டொக் டொக் அத்தை என்று பெயர் வைத்தாள். தெருவில் எல்லோருக்கும் அதுவே அவள் பெயராகிவிட்டது.

நான் இதற்கு நேர் எதிர். பேக்கரி வைத்திருப்பவனுக்குக் கை எப்போதும் மாவாகத்தான் இருக்கும், அதனால் கதவைத் தோளால் இடித்துத் திறப்பேன், அவசரமென்றால் காலால். "கதவு என்னடா பாவம் பண்ணுச்சு?" என்று அக்கா திட்டாத நாள் கிடையாது.

அந்தப் பழக்கம் அவளுக்கு எங்கிருந்து வந்தது என்றால், முட்டைப் பண்ணையிலிருந்து. இருபத்து மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தாள். நீளமான ஷெட், இரண்டு பக்கமும் கூண்டு வரிசை, ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று அடுக்கு. உள்ளே எட்டாயிரம் கோழிகள். கதவைத் திடீரென்று திறந்தால் அத்தனையும் ஒரே சமயத்தில் மிரண்டு கம்பியில் மோதும், இறக்கை ஒடியும். அதனால் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்: இரண்டு தட்டு தட்டு, குரல் கொடு, அப்புறம் உள்ளே போ. தட்டியதும் எட்டாயிரம் கழுத்துகள் கம்பிக்கு வெளியே நீளுமாம். தீவனம் வருகிறது என்று அர்த்தம்.

கூண்டின் அடிக்கம்பி சாய்வாக இருக்கும். இட்ட முட்டை உருண்டு முன்பக்கத் தகட்டுக்கு வந்துவிடும். அக்கா ஒரு கைக்கு மூன்றாக எடுத்து, அட்டையில் முப்பது முப்பதாக அடுக்கிக்கொண்டே போவாள். உடைந்ததைப் பார்க்காமலே விரலால் கண்டுபிடிப்பாள். மதியம் இரண்டரைக்கு வீட்டுக்கு வந்து மூன்று தடவை சோப்புப் போட்டுக் குளித்த பிறகுதான் என்னைத் தொடுவாள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தது அந்தக் கைதான். கல்யாணப் பேச்சை யாராவது எடுத்தால், "எட்டாயிரம் பேரோட குடும்பம் நடத்துறேன், போதாதா?" என்று சிரித்து வாயை அடைத்துவிடுவாள். நான் பேக்கரி தொடங்கியதும் அதே பண்ணையிலிருந்துதான் தினமும் ஐந்து அட்டை முட்டை வரும். அந்த முட்டைகளில் செய்த கேக்கை ஊரெல்லாம் தின்றது, அவள் மட்டும் ஒரு துண்டும் வாயில் வைத்ததில்லை. நாள் முழுக்க முட்டை நாற்றத்தில் கிடக்கிறாள், வெறுத்துப்போயிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், கேட்கவில்லை.

ஒன்றரை வருஷத்துக்கு ஒருமுறை லாரி வரும். முட்டை குறைந்த கோழிகளை மொத்தமாக ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள், கறிக்கு. அந்த நாளில் அக்காவுக்குத் தவறாமல் தலைவலி வந்துவிடும், வேலைக்குப் போகமாட்டாள். அவள் ஓய்வு பெற்ற வருஷத்தில்தான் எனக்கு அந்தத் தலைவலியின் காரணம் தெரிந்தது. கடைசி லாரி வருவதற்கு முந்தைய நாள் அவள் பேக்கரிக்கு வந்து நின்றாள்.

"உன் பழைய ரொட்டி ரேக் ஒண்ணு சும்மாதானே கெடக்கு? எனக்குக் குடு."

"எதுக்கு?"

"பன்னெண்டு பேர் வராங்க. சூப்பர்வைசர்கிட்ட கேட்டுட்டேன். எடுத்துட்டுப் போன்னுட்டார்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இருபத்து மூணு வருஷம் அதுங்க பின்னாடி ஓடுனது பத்தலையா? இனிமேலாவது காலை நீட்டி உக்காரேன்!"

"எங்கிட்ட எடம் இருக்குறது பன்னெண்டு பேருக்குத்தான்டா" என்றாள். நான் கத்தியது எதையும் அவள் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

மறுநாள் வந்த பன்னிரண்டையும் பார்த்து என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "அண்ணி, இதுங்க ஏற்கெனவே உரிச்சு வெச்ச மாதிரி இருக்கே!" கழுத்தில் இறகு இல்லை, முதுகு சிவந்து கிடந்தது. கொண்டை வெளிறித் தொங்கியது. கால் நகங்கள் நீண்டு சுருண்டிருந்தன. மண்ணைக் கிளறும் கோழிக்கு நகம் தானாகத் தேய்ந்துவிடும், கம்பிமேல் நின்ற கோழிக்கு எப்படித் தேயும்? அக்கா ஒவ்வொன்றையும் மடியில் வைத்து நகவெட்டியால் வெட்டிவிட்டாள்.

ரொட்டி ரேக்கைச் சுற்றிக் கம்பி அடித்துக் கூடு செய்து, அவள் வீட்டுப் பின்முற்றத்தில் வைத்தோம். முன்னால் அகலமான கதவு, பின்னால் சுத்தம் செய்ய ஒரு சின்னக் கதவு. முதல் நாள் காலையில் அக்கா போய் இரண்டு தட்டு தட்டினாள். "நான்தான்" என்றாள். முன்கதவைத் திறந்து விட்டு, கொஞ்சம் தள்ளிப்போய் முக்காலியில் உட்கார்ந்தாள்.

கோழிகள் கம்பி வழியாகக் கழுத்தை நீட்டிக்கொண்டு வரிசையாக நின்றன. பக்கத்திலேயே கதவு ஆவென்று திறந்து கிடந்தது. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். தீவனத்தை முற்றத்தில் வைத்துப் பார்த்தாள். சாயங்காலம் வரை பட்டினியாக நின்றனவே தவிர, ஒரு அடி எடுத்து வைக்கவில்லை. பொறுக்க முடியாமல் அவளே கம்பிக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள். ஒன்றைத் தூக்கி வெளியே விட்டபோது அது தரையோடு தரையாக ஒட்டி நடுங்கியது, பிறகு தவழ்ந்து கூட்டுக்குள்ளேயே போய்விட்டது. கால்நடை டாக்டர் வந்து பார்த்தார். "காலே வலுவில்லம்மா. வெயில் படணும், நடக்கணும். இப்படியே நின்னா ஒரு மாசம் தாங்காது" என்றார். அந்த வாரத்திலேயே இரண்டு செத்துப்போயின.

அக்காவைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. சாப்பாடு இறங்கவில்லை அவளுக்கு. முற்றத்திலேயே பழியாய்க் கிடந்தாள். தூறல் போட்டபோதும் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த முக்காலியில்தான்.

"எல்லாத்தையும் தூக்கி வெளிய விட்டுக் கதவச் சாத்திடு. ரெண்டு நாள் நடுங்கட்டும், சரியாயிடும்" என்றேன்.

"நான் தூக்கி வெச்சா அது வந்ததா ஆகுமா? அதுங்களே வரணும்." முக்காலியைக் கூட்டுப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "இருபத்து மூணு வருஷம் தெனமும் அந்தக் கதவத் தட்டி உள்ள போனேன்டா. ஒரு நாள், ஒரே ஒரு கூண்டுக் கதவ நான் தெறந்து விட்டதில்ல. இந்தப் பத்து பேராச்சும் என் கண்ணு முன்னாடி மண்ணுல நடக்கணும். இல்லன்னா என் மனசு ஆறாது."

அந்தச் சம்பளத்தில் தின்று வளர்ந்தவன் நான்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குடைக்கு அடங்காத தூறலில் உட்கார்ந்திருந்தால் வராமல் என்ன செய்யும்? எழுந்து முன்கதவை மட்டும் திறந்துவிட்டு வந்து படுத்தவளுக்கு அதற்குமேல் முடியவில்லை. எனக்குச் சொல்லியனுப்பினாள். பேக்கரியில் ஒரு தட்டு பன் கருகிப்போன காலை அது. வேலைக்கு ஆள் வரவில்லை. கையில் மாவோடு, வாயில் முணுமுணுப்போடு போய்ச் சேர்ந்தேன்.

"தீவனம் மட்டும் வெச்சிடு. மறக்காம ரெண்டு தட்டு தட்டு. குரல் குடு. மாடு மாதிரி இடிச்சுட்டுப் போகாத" என்றாள் போர்வைக்குள்ளிருந்து.

"சரி, சரி" என்றேன். முற்றத்துக்குப் போவதற்குள் மறந்துவிட்டேன். உண்மையைச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை. கூட்டின் முன்பக்கம் ஒரே சேறு. நான் புதுச் செருப்பு போட்டிருந்தேன். சுற்றிப் பின்பக்கம் போய், தீவன டப்பாவைத் தொம்மென்று வைத்துவிட்டு, அந்தச் சின்னக் கதவைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தேன். கதவு கையோடு வந்துவிட்டது.

பத்து கோழிகளும் ஒரே கூச்சல். என் முகத்திலிருந்து எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போக வேண்டும் என்ற ஒரே குறிக்கோளோடு, திறந்து கிடந்த முன்கதவு வழியாக ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வெளியே பாய்ந்தன. சேற்றைத் தாண்டி, முற்றத்தின் அந்தக் கோடியில் சுவரோரம் போய்த்தான் நின்றன. அங்கே மட்டும் நீண்டிருந்த கூரையின் கீழே மண் காய்ந்திருந்தது, அன்றைக்கென்று வெயிலும் அடித்தது.

தொலைந்தோம் என்று தலையில் அடித்துக்கொண்டேன். பத்தும் அசையாமல் நின்றன. பிறகு ஒன்று காலைத் தூக்கியது. கீழே வைத்தது. மறுபடி தூக்கி மண்ணை ஒரு பறி பறித்தது. அதைப் பார்த்து இன்னொன்று. அதற்குள் ஓரத்தில் நின்ற ஒன்று தொப்பென்று பக்கவாட்டில் விழுந்து, இறக்கையை விரித்து, காலை உதற ஆரம்பித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

"அக்கா! ஒண்ணு சாகுது! காலை இழுக்குது!"

போர்வையோடு ஓடி வந்தாள். கதவைத் தட்டாமல் அவள் வெளியே வந்ததை வாழ்நாளில் அன்றுதான் பார்த்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கோழி மண்ணை வாரி முதுகில் போட்டுக்கொண்டு, கண் பாதி மூடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் புரண்டுகொண்டிருந்தது.

"சாகலடா" என்றாள் மெதுவாக. "குளிக்குது."

"மண்ணுலயா?"

"ஷெட்லயும் இதே மாதிரி பண்ணும். வெறும் கம்பி மேல படுத்து, இல்லாத மண்ண வாரி வாரிப் போட்டுக்கும். ஏதோ கிறுக்குன்னு நாங்க எல்லாரும் சிரிப்போம். நானும் சிரிச்சிருக்கேன்." அவள் முகம் கோணிக்கொண்டது. "இதுக்குத்தானா அது! இதத்தான் இத்தன வருஷமும் கேட்டுச்சுங்களா!"

முற்றத்துப் படியில் உட்கார்ந்து அழுதாள். அம்மா போனபோதுகூட என் முன்னால் அழாதவள். நான் மாவுக் கையோடு பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அழுகை வந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

போர்வை நுனியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நீ தட்டுனியா?" என்று கேட்டாள்.

இனி பொய் சொல்லிப் பயனில்லை. "மறந்துட்டேன். அதுங்க ஒண்ணும் தானா வரலக்கா, என் மூஞ்சியப் பாத்து ஓடுச்சுங்க."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கோழிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தட்டுனா கழுத்த நீட்டிக்கிட்டு நிக்கணும்னுதானே அதுங்களுக்குத் தெரியும். தெனமும் கதவத் தெறந்து வெச்சிட்டு, அசையாம நில்லுன்னு நானே சொல்லிட்டு இருந்திருக்கேன்டா."

அதற்கப்புறம் அவள் கூட்டுக் கதவைத் தட்டியதில்லை. எங்கள் கதவுகளையெல்லாம் வழக்கம்போல் தட்டினாள். மழைக்காலம் முடிவதற்குள் பத்துக்கும் இறகு முளைத்துவிட்டது, கொண்டை சிவந்துவிட்டது. ஒன்று என் செருப்பைக் கண்டாலே ஓடும். முதல் முட்டையை மண் குழியில் கண்டெடுத்த அன்று அக்கா அதை வேகவைத்து, உப்பு மட்டும் தொட்டு, நின்றபடியே சாப்பிட்டாள். எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "முட்டை மாதிரி இருக்கு" என்றாள். இருபத்து மூன்று வருஷம் கழித்துச் சாப்பிட்டவள் வேறென்ன சொல்வாள்!

பேக்கரிக்கும் முட்டை மாற வேண்டும் என்றாள். பெட்டியில் பச்சைப் புல்லும் கோழியும் படம் போட்ட முட்டையாகப் பார்த்து வாங்கி வந்தேன். "எங்க ஷெட் பெட்டியிலயும் இதே புல்லுதான்டா" என்று சிரித்தாள். என்னைக் கூட்டிக்கொண்டு முட்டை விற்கும் இடங்களுக்கெல்லாம் நேரில் போனாள். எங்கே போனாலும் ஒரே கேள்விதான்: "கோழியோட நகத்தக் கொஞ்சம் காட்டுங்க." பெண் பார்க்க வந்த மாமியாரிடம்கூட அவ்வளவு கண்டிப்பு இருக்காது. மூன்று பேர் எங்களைப் பைத்தியம் என்று விரட்டினார்கள். நான்காவதாக, பழத்தோப்பில் கோழிகளை மேயவிட்டிருந்த ஒரு அம்மா, சிரித்துக்கொண்டே ஒன்றைப் பிடித்துக் காலைத் தூக்கிக் காட்டினார். நகம் மழுங்கித் தேய்ந்திருந்தது. இன்றுவரை எனக்கு முட்டை அங்கிருந்துதான். கேக் விலை ஏறியதற்கு வாடிக்கையாளர்கள், "என்ன, கோழிக்கு வாடகை குடுக்கிறீங்களா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். கொஞ்சம் பேர் போனார்கள், பாதிப் பேர் திரும்பி வந்தார்கள்.

அக்கா அந்தக் கோழிகளோடு நாலு வருஷம் இருந்தாள். அவளைப்போல நிம்மதியாக ஒருவர் முக்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. போன வருஷம் அவளும் போய்விட்டாள். தூக்கத்தில், யாருக்கும் தொந்தரவில்லாமல், அவள் குணப்படியே.

பத்தில் இப்போது இரண்டு மிச்சம். தினமும் பேக்கரிக்குப் போகும் முன் தீவனம் வைக்கப் போகிறேன். கூட்டுக் கதவை எப்போதும்போல் தட்டாமல்தான் திறக்கிறேன். இரண்டும் என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல், காலுக்கடியில் புகுந்து மண்ணுக்கு ஓடுகின்றன.

ஆனால் முற்றத்துக்குப் போக அவள் வீட்டு வழியாகத்தான் போகவேண்டும். வாசலில் நின்று, கை மாவைத் துணியில் துடைத்துக்கொண்டு, விரலை மடக்கி இரண்டு தட்டு தட்டுகிறேன். ஒரு மூச்சு விடும் நேரம் நிற்கிறேன்.

"நான்தான்க்கா" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே போகிறேன்.