தங்கதுரையின் மறியல்

குறை சொல்லாமல் தங்கதுரைக்கு டீ இறங்காது. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் எந்தக் கடையில் குடித்தாலும் இரண்டாவது மடக்கில் முகத்தைச் சுளித்து, "இன்னா மாஸ்டர், சர்க்கரை மூட்டையே கவுந்துருச்சா?" என்பார். சர்க்கரையைக் குறைத்தால் கஷாயமா என்பார். ஆனால் கிளாஸில் ஒரு சொட்டு மிச்சம் வைக்க மாட்டார். துருகம் சாலையில் செல்போன் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த ரகத்தை நன்றாகத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை அவர் சொன்ன குறை நூற்றுக்கு நூறு நியாயம். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

சங்கராபுரம் வழித்தடத்தில் பல வருஷம் தனியார் பஸ் ஓட்டியவர் அவர். கொரோனாவில் முதலாளி பஸ்ஸை விற்றுவிட்டதால் அரிசி ஆலை லோடு வண்டிக்குப் போனார். போனாரே தவிர மனசு ஒட்டவில்லை. அப்போதுதான் செல்போனில் ஒரு பஸ் கேம் வந்தது. சங்கராபுரத்து இன்ஜினியர் பையன் அன்புச்செல்வன் தனி ஆளாக உருவாக்கியது. நம்ம ஊர்ச் சாலை, நம்ம ஊர் வேகத்தடை. பலரும் ஒரே நேரத்தில் ஓட்டலாம், பேசிக்கொள்ளலாம். விளையாட இலவசம்; பஸ்ஸுக்கு இஷ்டம்போல் பெயிண்ட் அடிக்க மட்டும் காசு.

தங்கதுரை காசு கட்டித் தன் பழைய பஸ்ஸை அப்படியே கொண்டுவந்தார். நீலமும் வெள்ளையும், பின் கண்ணாடியில் மகள் பெயர், மணிமொழி. லோடு இறக்கும் நேரமெல்லாம் அதை ஓட்டிக்கொண்டிருப்பார். தான் இன்னும் பஸ் டிரைவர்தான் என்று அவர் நம்பியது அந்த ஒரு இடத்தில்தான்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் போராட்டம் நடந்த 2020 டிசம்பரில் கேம் அப்டேட் ஆனது. திறந்து பார்த்தால் மணிமொழியைக் காணோம். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் ஸ்கூல் வேன் நின்றது. அன்புச்செல்வனுக்கு மெசேஜ் போட்டார். 'பரிசீலிக்கிறேன் அண்ணா' என்று பதில் வந்தது.

"பரிசீலிக்கிறேன்னா இன்னா அர்த்தம்னு எனக்குத் தெரியாதா? தாலுகா ஆபீஸ்ல எத்தினி வாட்டி கேட்டிருக்கேன்!" என்று என் கடையில் வந்து குதித்தார்.

மறுநாள் உளுந்தூர்பேட்டையில் நிஜ மறியல். அவருடைய லோடு வண்டி லாரி வரிசையில் மாட்டிக்கொண்டது. முன்னால் சாலையில் உட்கார்ந்திருந்த கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தவருக்கு யோசனை பிறந்தது. செல்போனை எடுத்தார். கேமுக்குள் இருக்கும் உளுந்தூர்பேட்டைக்கு ஸ்கூல் வேனை ஓட்டிப்போய்ச் சாலைக்குக் குறுக்கே நிறுத்தினார். "என் வண்டி வர்ற வரைக்கும் நகர மாட்டேன். மனசாட்சி இருக்கிறவன் வந்து நில்லுங்க!" என்று, இந்தக் கேம் ஆடும் எங்கள் வாட்ஸாப் குழுவில் குரல் பதிவு போட்டார்.

மறியலை நமக்குச் சொல்லித்தர வேண்டுமா? கல்வராயன் மலை இருசப்பன், சிக்னல் கிடைக்கும் வளைவில் பைக்கை நிறுத்திவிட்டுத் தன் பஸ்ஸைக் குறுக்கே போட்டான். மளிகைக்கடை ஜாபர் போட்டார். நானும் போட்டேன். கேமில் தானாக ஓடும் ஆம்புலன்ஸ் ஒன்று சைரனோடு வந்தபோது மட்டும், யாரும் சொல்லாமலே எல்லா பஸ்ஸும் ஒதுங்கி வழி விட்டது. உள்ளே நோயாளி இல்லைதான். அதற்காக முறையை விட முடியுமா?

கூட்டம் சேர்ந்தால் கோரிக்கையும் சேரும். 'காசு வாங்கினால் பொருளைக் கொடு' என்று ஆரம்பித்ததற்கு மாலைக்குள் கை கால் முளைத்துவிட்டது.

"வழியில ஒரு பிரியாணி கடை வேணும். எவ்ளோ நேரம் பசியோட ஓட்டறது?" என்றார் ஜாபர். அந்தக் கேமுக்கு ஒரு பைசா கட்டாத மனுஷன். ஹார்ன் சத்தம் ஜாஸ்தி வேண்டும் என்றார் ஒருவர். டோல்கேட்டை எடு என்றார் இன்னொருவர்.

"மலை ரோட்டை நேராக்கணும். நெஜத்துலதான் வளைஞ்சி வளைஞ்சி சாவறோம். இதுலயாவது நேரா போட்டா இன்னா?" என்றான் இருசப்பன்.

கடைசியில் அன்புச்செல்வனே கேமுக்குள் ஜீப்பில் வந்தான், தாசில்தார் கணக்காக. "அண்ணனுங்களா, நான் ஒரே ஆளு. அம்மா சோறு போட்டு வச்சி கூப்டுக்கினே இருக்காங்க. வண்டிங்கள எடுங்க, ஞாயித்துக்கெழம எல்லாம் வந்துரும்" என்று கெஞ்சினான். எல்லோரும் ஹார்ன் அடித்துக் கலைந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பிரியாணி கடை வந்தது. டோல்கேட் போனது. ஹார்ன் காதைக் கிழித்தது. மலைப்பாதை அடிக்கோல் வைத்துக் கிழித்ததுபோல் நேரானது. மணிமொழி மட்டும் வரவில்லை.

தங்கதுரை திரும்பவும் ஸ்கூல் வேனைக் குறுக்கே நிறுத்தினார். இந்த முறை தனியாக. பின்னால் வந்தவர்கள் புது ஹார்னை அவர் மேலேயே பரீட்சை பார்த்தார்கள்.

"அண்ணே, வண்டிய எடுங்கண்ணே. ஒரு ஆளுக்காக ஊரே நிக்கணுமா?" என்றார் ஜாபர்.

"அன்னிக்கி எனக்காகத்தான பாய் நின்னீங்க?"

எனக்கு ஜாபரைச் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. ஜாபரிடமிருந்து பதிலாக ஹார்ன்தான் வந்தது.

அன்புச்செல்வன் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். உடனே அவருக்குப் போன் செய்தான். "அண்ணா, தப்பு என்னுதுதான். கூட்டத்து சத்தத்துல காசு கட்டின ஆள மறந்துட்டேன்" என்றான். மறுநாளே பஸ் வந்துவிட்டது.

தங்கதுரை என் கடைக்கு வந்து செல்போனைக் காட்டினார். நீலம், வெள்ளை, மணிமொழி. கண் கலங்கியிருந்தது. அதைத் துடைத்துக்கொண்டு, "பெயிண்ட் கொஞ்சம் டல்லு" என்றார்.

கடை ஸ்டூலிலேயே உட்கார்ந்து பஸ்ஸைக் கிளப்பினார். உளுந்தூர்பேட்டை சந்திப்பில் ஒரு மஞ்சள் ஸ்கூல் வேன் குறுக்கே நின்றது. இருசப்பன். மலைத்தேன் விற்ற காசில் அவன் பெயிண்ட் அடித்த பஸ், தங்கதுரையின் பஸ்ஸைக் கொண்டுவந்த அப்டேட்டில் காணாமல் போயிருந்தது.

"அண்ணே, என் வண்டி போச்சுண்ணே. எங்கூட கொஞ்சம் நில்லுங்கண்ணே" என்றது போனில் அவன் குரல்.

தங்கதுரை என்னை ஒரு பார்வை பார்த்தார். "சங்கராபுரத்துக்கு டைமுக்குப் போவணுமே" என்றார். பிறகு கட்டைவிரலை ஹார்னில் வைத்தார், எடுக்கவே இல்லை.