நானாக விட்டதாகச் சொன்ன வேலை

முருகனடியார்களே, போன வருடம் ஆனி மாதத்தில் நான் தப்பிப் பிழைத்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு என்னைத் திட்டுவீர்கள். திட்டுங்கள்.

அந்தமானில், கராச்சர்மாவில் குடியிருக்கிறேன். கணவர் இல்லை. ஒரே மகள், அப்போது பிளஸ் டூ. கடற்கரை ரிசார்ட் ஒன்றில் அறை சுத்தம் செய்யும் வேலை. மழைக்காலம் வந்ததும் ரிசார்ட்டை மூடி, பத்தொன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார்கள். மாதாமாதம் எங்கள் சம்பளத்தில் காப்பீட்டுக்குப் பணம் பிடித்தவர்கள்தான். வேலை போனால் மூன்று மாதம் பாதிச் சம்பளம் வரும் என்றார்கள். அது வராவிட்டால் மகளின் படிப்பை நிறுத்திவிட்டு, ராமநாதபுரத்தில் அண்ணன் வீட்டு வாசலில் நிற்கக் கப்பல் ஏற வேண்டும்.

காப்பீட்டு அலுவலகத்தில் குமாஸ்தா பாபு என் மனுவை ஒரு விரலால் தள்ளினார். "குத் சோடா ஹை, மேடம்." நானாகவே வேலையை விட்டுவிட்டேனாம். எழுதிக் கொடுத்துக் கையெழுத்தும் போட்டேனாம்.

போட்டேன்தான். கடைசி நாள் சூப்பர்வைசர், நம்ம தூத்துக்குடிக்காரர், இந்தியில் அடித்த தாளை நீட்டினார். "சும்மா ஃபார்மாலிட்டிக்கா. ஜல்தி போடுங்க." மீன்காரனோடு இந்தியில் சண்டை போட்டு ஜெயிப்பவள் நான். ஆனால் ஓர் எழுத்துப் படிக்கத் தெரியாது. என்னைப் போல இங்கே எத்தனையோ பேர். வாயைத் திறந்து ஒத்துக்கொள்ள மாட்டோம். படிப்பது போலக் கண்ணை ஓட்டிவிட்டுப் போட்டேன். பின்னால் நின்ற வங்காளிப் பெண் மாலதி, இதில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னிடம் கேட்டாள். "குச் நஹி, சைன் கரோ", ஒன்றுமில்லை, கையெழுத்தைப் போடு என்றேன், பெரிய வக்கீல் மாதிரி. என்ன கொழுப்பு எனக்கு!

முன்பெல்லாம் வேலை போனவர்களில் பாதிப்பேருக்காவது அந்தப் பணம் வரும். முதலாளிகள் இந்தத் தாளைக் கண்டுபிடித்த பிறகு வருடா வருடம் குறைந்துபோனது. "கிடைக்காதுக்கா, விடு" என்று மற்றவர்கள் போர்த்திப் படுத்துவிட்டார்கள். முதுகெலும்பில்லாத கூட்டம்.

நேராகக் கோயிலுக்குப் போனேன். "முருகா, நீயும் ஒரு ஆபீசர்தானா? உனக்கும் ஃபார்ம் எழுதணுமா?" என்று திட்டினேன். பிறகு அழுதேன். என் திமிருக்கு என் பிள்ளையைத் தண்டிக்காதே என்று கெஞ்சினேன்.

வெளியே பஸ்சுக்கு நிற்கும்போது மாலதி வந்தாள். ரிசார்ட் சுவரில் ஒட்டிய நோட்டீசைப் படிக்கத் தெரியாமல், வீட்டுக்காரரிடம் காட்ட போனில் படம் எடுத்திருந்தாளாம். ஆட்கள் எல்லோரையும் நீக்கியாயிற்று என்று அதில் இருந்தது. தேதி, நாங்கள் கையெழுத்துப் போட்டதற்கு இரண்டு நாள் முன்பு. ஏற்கெனவே நீக்கப்பட்டவள் பிறகு எப்படித் தானாக விலகுவாள் என்று அவள் வீட்டுக்காரர் கேட்டிருக்கிறார். கோயிலைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டேன்.

மறுநாள் இருவரும் போய் அந்தப் படத்தை பாபுவின் மூக்குக்கு நேரே நீட்டினோம். மூன்று தடவை படித்தார். மூஞ்சி தொங்கிவிட்டது. மனுவை வாங்கிக்கொண்டார். பத்தொன்பது பேரில் எங்கள் இரண்டு பேருக்குத்தான் பணம் வந்தது. மகள் பரீட்சை எழுதித் தேறினாள்.

யாரை மட்டமாக நினைத்தேனோ, அவளையே அனுப்பினான் முருகன். அவனை நம்புங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேளுங்கள்.

மழை முடிந்ததும் ரிசார்ட்டில் எங்களையே திரும்பக் கூப்பிட்டார்கள். இந்த வருடம் மூடும்போது அதே சூப்பர்வைசர், அதே தாள். "எனக்கு இந்தி படிக்கத் தெரியாது. சத்தமா வாசிச்சுக் காட்டுங்க" என்றேன். எனக்குப் பின்னால் பதினெட்டுப் பேர் காத்து நின்றார்கள். அவர் வாசித்தார். ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.