உச்சிக் கட்டை

என் அத்தை கல்லூரியில் கலை வரலாறு நடத்துகிறாள் என்று சொன்னால், எங்கள் உறவில் பாதிப் பேர் அவளை டிராயிங் டீச்சர் என்று நினைத்துக்கொண்டார்கள். மீதிப் பேர் எந்த ராஜா எந்த வருஷம் என்று கேட்டார்கள். இரண்டும் இல்லாமல் அப்படி என்ன படிப்பு அது என்று யாருக்கும் கடைசிவரை விளங்கவில்லை.

அப்பாவின் தங்கை அவள். கல்யாணம் செய்துகொள்ளாமல் கிழக்குத் தாம்பரத்தில் எங்கள் வீட்டு மாடியறையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் பூசை முடிந்ததும் என்னை ஸ்கூட்டரில் உட்காரவைத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். பம்மல், பொழிச்சலூர் பக்கம் ஏதாவது கல்யாண மண்டபத்தின் தலையில் சிமெண்டுக் குவிமாடம் வைத்து வெள்ளி பெயிண்ட் அடித்திருந்தால் போதும், வண்டி நின்றுவிடும்.

"என்ன தெரியுது?" என்பாள்.

"அழகா இருக்கு அத்தை."

"அது உன் அபிப்பிராயம். பார்த்தது என்ன? பார்த்ததை மட்டும் சொல்லு."

அதுதான் அவள் படிப்பின் முதல் பாடமாம். வீட்டிலும் அப்படித்தான். அம்மா புதுப் புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றால், "பார்டர் ஒரு பக்கம் ஏறியிருக்கு அண்ணி" என்பாள். ஒப்புக்குக்கூட ஒரு பொய் அவள் வாயில் வராது. ஆனாலும் பத்து வயதில் எனக்கு அந்த ஸ்கூட்டரின் பின்சீட்டை விடப் பெரிய சொத்து எதுவும் கிடையாது.

அந்த வருட அரையாண்டு விடுமுறைக்குத் தூத்துக்குடியிலிருந்து பெரியப்பா மகள் வந்தாள். என்னைவிட நாலு மாதம் சின்னவள். ஸ்கூட்டரில் அத்தையின் இடுப்பைக் கட்டிக்கொண்டு அவள், அவளுக்குப் பின்னால் பிதுங்கிக்கொண்டு நான். பொழிச்சலூர் மண்டபத்தின் முன்னால் வண்டி நின்றது. என்ன தெரியுது என்று அத்தை கேட்டாள். வந்தவள் அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தாள்.

"கீழ சதுரமா இருக்கு. மேல வட்டமா இருக்கு. அப்ப அந்த நாலு மூலையும் எங்க போச்சு அத்தை?"

அத்தை வண்டியை ஸ்டாண்டு போட்டு இறங்கியே விட்டாள். "இந்த ஒரு கேள்விக்குத்தான்டீ மனுஷங்க நூறு நூறு வருஷமா மண்டையை உடைச்சுக்கிட்டாங்க!" என்று நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் இரண்டு பேருக்கும் கரும்புச்சாறு வாங்கித் தந்தாள். என்னுடையது பாவம் பார்த்து வாங்கியது என்று எனக்குத் தெரிந்தது. வயிறு எரிந்தது. அத்தனை ஐஸ் போட்டும் அடங்கவில்லை.

அன்றிலிருந்து மாடியறையில் தினமும் லேப்டாப்பில் படங்கள்தான். மண் குடிசை, செங்கல் கூடம், கல் மாடம் என்று வரிசையாக வந்தன. சதுரத்தின் மூலைகளைக் குறுக்கே வளைத்து எட்டுப் பட்டையாக்கி, எட்டை எப்படி வட்டமாக்கினார்கள் என்று அத்தை காட்டுவாள், அவள் கேள்வியாகக் கேட்பாள். நானும்தான் உட்கார்ந்திருந்தேன். என் காதில் விழுந்தது ஒரே ஒரு வாக்கியம். வளைவுக்கு உச்சியில் இருக்கும் கல்தான் பூட்டு, அதை உருவினால் மொத்தமும் இறங்கிவிடும்.

எங்கள் சர்ச் பங்கில் கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வீடு குடில் போட்டி உண்டு. எல்லோரும் வைக்கோல் கூரைதான் போடுவார்கள். நம் குடிலுக்குக் குவிமாடம் போடலாம் என்றாள் பெரியப்பா மகள். அப்பாவுக்குத் திருமுடிவாக்கத்தில் மரப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை. ஒரு பென்சில் ஸ்டாண்டு செய்து தரச் சொல்லி நான் கேட்டு வருஷம் ஒன்று ஆகியிருந்தது. அவள் கேட்ட மூன்றாம் நாள், ஒரு பக்கம் அகலமும் ஒரு பக்கம் குறுகலுமாகச் சீவிய கட்டைகள் ஒரு சாக்கு நிறைய வந்து இறங்கின. அது போதாதென்று என் பழைய சின்ன சைக்கிளைக் கழற்றி அதன் ரிம்மையும் எடுத்துக்கொண்டார்.

"உனக்குத்தான் அது சின்னதாயிடுச்சேம்மா" என்றார். ஆகியிருந்தது. அதனால் என்ன?

ஒட்டுப்பலகையில் வட்டமாக ஓட்டை போட்டு, அதன்மேல் ரிம்மை வைத்து, கீழிருந்து ஒரு காற்றுப் பந்தின் தலை மட்டும் எட்டிப்பார்க்கும்படி பொருத்தினார்கள். ரிம்முக்குள் முதல் வரிசைக் கட்டைகள், அதன்மேல் அடுத்த வரிசை என்று பந்தின்மேல் வட்டம் வட்டமாக ஏறியது. நானும் உதவட்டும் என்று பசை டப்பாவைக் கொண்டுபோனேன். அத்தை அதை வாங்கி ஓரமாக வைத்தாள். "பசை போட்டா நிக்கிறது பசைதான், டோம் இல்ல."

கடைசியாக உச்சியில், கொய்யாக்காய் அளவில் உருண்டையாக ஒரு கட்டையைப் பெரியப்பா மகள்தான் வைத்தாள். அத்தை பந்தின் காற்றைத் திறந்துவிட்டாள். பந்து சுருங்கி உள்ளே விழுந்தது. மேலே ஒரு கட்டைகூட அசையவில்லை. அம்மா அடுப்பை விட்டு ஓடிவந்து கைதட்டினாள். நானும் தட்டினேன். அதைவிடக் கஷ்டமான வேலை நான் இன்றுவரை செய்ததில்லை.

செங்கல் கால்களில் பலகையை நிறுத்தி, கீழே குழந்தை இயேசுவையும் மற்றவர்களையும் வைத்தார்கள். போட்டி அன்று மதியம் அம்மா அச்சு முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தாள், மற்றவர்கள் மாடியில் இருந்தார்கள். ஹாலில் நானும் குடிலும் மட்டும். தள்ளிவிட்டால் பாவம், தானாக விழுந்தால் பாவமில்லை என்று எனக்கு நானே மறைக்கல்வி வகுப்பு நடத்திக்கொண்டேன். உச்சிக் கட்டையை உருவிவிட்டு, ஓரடி தள்ளி நின்று காதைப் பொத்திக்கொண்டேன்.

விழவில்லை. பத்துவரை எண்ணினேன். அப்போதும் விழவில்லை.

அத்தை சொன்னது வளைவுக்கு. குவிமாடத்தில் ஒவ்வொரு வட்டமும் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும், உச்சி போனாலும் நிற்கும். அதைக் கவிழ்க்க வேண்டுமென்றால் அடியில் இருந்த என் சைக்கிள் ரிம்மை அல்லவா உருவியிருக்க வேண்டும். பாடத்தை அரைகுறையாகக் கேட்டவளுக்குச் சதியும் அரைகுறையாகத்தான் வரும். மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. விடுமுறையில் யாரும் திறக்காத என் டிபன் பாக்ஸில் கட்டையைப் போட்டு மூடினேன்.

சாயங்காலம் பங்குத் தந்தையும் இளைஞர் குழுவும் வந்தார்கள். ஃபாதர் குனிந்து, நிமிர்ந்து, "மேல என்னம்மா ஓட்டை?" என்றார்.

பெரியப்பா மகளின் முகம் வெளுத்துவிட்டது. "ஃபாதர், அது காலையில இருந்துச்சு, யாரோ..." என்று ஆரம்பித்தாள். அத்தையின் கை அவள் தோளில் விழுந்தது. அத்தை ஓட்டையைப் பார்த்தாள். எங்களை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"வேணும்னேதான் திறந்து விட்டோம் ஃபாதர். ரோம்ல ஒரு பழைய கோயில் இப்படித்தான் நிக்குது. உச்சி வழியாத்தான் வெளிச்சமே வரும்." சொல்லிக்கொண்டே, மேலே தொங்கிய நட்சத்திர விளக்கை இன்னொரு கையால் ஓட்டைக்கு நேராக இழுத்துவிட்டாள். குழந்தை இயேசுவின்மேல் மட்டும் வட்டமாக வெளிச்சம் விழுந்தது. இளைஞர் குழுவில் யாரோ "சூப்பர்க்கா!" என்றார்கள்.

முதல் பரிசு எங்கள் குடிலுக்குத்தான். பரிசுகூடப் போகட்டும். அவள் தோளிலிருந்து அந்தக் கை எடுபடவே இல்லை. ஃபாதர் கிளம்பி, கேட் சாத்தி, எல்லோரும் உள்ளே வரும்வரை அங்கேயே கிடந்தது. நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். பள்ளி திறந்தபோது டிபன் பாக்ஸ் காலியாக இருந்தது. அம்மா எடுத்திருப்பாள் என்று ஒரு வாரம் அடிக்குக் காத்திருந்தேன், அடி வரவில்லை.

போன மாதம் பொழிச்சலூரில் அத்தை இப்போது இருக்கும் வீட்டுக்குப் போயிருந்தேன். மேசையில் மாணவர்களின் விடைத்தாள்கள் பறக்காமல் இருக்க, மேலே ஒரு மர உருண்டை வைத்திருந்தாள். கையில் எடுத்தேன்.

"என்ன தெரியுது?" என்றாள், பழையபடி.

"என் டிபன் பாக்ஸ்லேர்ந்து வந்தது."

"பரவாயில்லையே, இப்பவாவது பார்க்க வந்துச்சு." சிரித்தாள். "பருப்புப்பொடி வாசனை போகவே ஒரு வருஷம் ஆச்சு."

"அன்னிக்கே தெரியுமா அத்தை?"

"ஓட்டையைப் பார்த்தேன், உன் மூஞ்சியைப் பார்த்தேன். அதுக்கு முன்னாடியே அவ ஃபாதர்கிட்ட ஆரம்பிச்சுட்டா. தோளை ஒரு அழுத்து அழுத்தினேன் பாரு. அவங்க போறவரைக்கும் கையை எடுக்கல, எடுத்தா மறுபடி வாயைத் திறந்துடுவா. பாவம், அந்தப் பொண்ணுக்கு நல்லா வலிச்சிருக்கும்."