ரஹ்மத் அக்காவுக்கு நான் எழுதாத சொல்

ரஹ்மத் அக்கா இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் மகள் ஷாஹினா போனில் அழவில்லை. "மாமி, உம்மா மவுத்தாயிட்டாங்க. லுஹர் தொழுகைக்கு அப்புறம் எடுக்காங்க. ஜல்தி வாங்க" என்றாள். பையைக் கடைக்காரரிடமே விட்டுவிட்டு டாக்சி பிடித்தேன். நான் தாராவி போய்ச் சேருவதற்குள் எடுத்துவிட்டார்கள். முகம் பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. உங்களில் பலர் தோளில் மாட்டியிருக்கும் தோல் பை அவர் வெட்டியதாகவே இருக்கும். நான் எழுதுவது வேறு ஒன்றை. நான் அவருக்குச் செய்த பிழையை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் சனிக்கிழமைகளில் தாராவியில் உட்கார்ந்து அரசாங்கப் படிவங்கள் நிரப்பிக் கொடுத்துவந்தேன். கைத்தொழில் செய்கிறவர்களுக்கு அட்டை தருகிறார்கள் என்று அக்காவும் வந்தார். "என்ன வேலை பண்றேள்?" என்று கேட்டேன். "பை வேலைதான், மாமி" என்றார். ஒரு பெண்பிள்ளை, பை செய்யும் கார்கானா. என் பேனா நிற்கவே இல்லை. 'ஹெல்பர்' என்று எழுதிவிட்டேன். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. கையெழுத்துப் போட்டுவிட்டு, "நல்லா இருங்க" என்று சொல்லிப் போனார்.

இத்தனைக்கும் நான் யார்? அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருந்த என்னிடமே வந்து "சார் எப்போ வருவார்?" என்று கேட்டவர்களை எரித்துவிடுவதுபோல் பார்த்தவள். அந்தக் கோபமெல்லாம் அன்று எங்கே போயிற்றோ!

அட்டை வந்ததும் கார்கானா முதலாளி காசிம் பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். நான் போனபோது அக்கா ஒரு புதுத் தோலை ஜன்னலோரம் விரித்து, விரலால் தடவிக்கொண்டிருந்தார். கார்கானாவில் ஒரு மெஷினும் ஓடவில்லை. அவர் முதல் வெட்டு வெட்டி முடிக்கும்வரை யாரும் மெஷினை மிதிக்கமாட்டார்களாம். தரை அதிர்ந்தால் கத்தி விலகிவிடும். காசிம் பாய் மெதுவாகத்தான் பேசினார். "தைக்கிறவன் பத்துப் பேரு கிடைப்பான், மாமி. தோலைத் தொட்டே எங்க வெட்டக்கூடாதுன்னு சொல்லுதவங்களத்தான் நாங்க காரிகர்னு சொல்லுவோம். இங்க இருக்கது இவங்க ஒருத்தங்கதான்."

"அப்போ அதை என்கிட்ட ஏன் சொல்லலை?" என்று அக்காவிடமே எரிந்து விழுந்தேன். வெட்கங்கெட்டவள் நான்.

"நம்மள நாமளே காரிகர்னு சொல்லப்படாது, மாமி. கூட வேலை பாக்கிறவங்க சொல்லணும். நீங்க அவங்ககிட்ட கேப்பியன்னு நெனச்சேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

திருத்துவதற்கு ஒரு கடிதம் வேண்டும் என்றேன். அன்றைக்கே காசிம் பாய் இந்தியில் எழுதிக் கொடுத்தார். கூட வேலை பார்ப்பவர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டார்கள். கடிதம் என் கைப்பையில் ஏறியது. பிறகு மழை வந்தது. என் முழங்கால் வலி வந்தது. தாணேயில் மகளுக்குப் பிரசவம் வந்தது. எல்லாம் வந்தது, நான் மட்டும் அட்டை கொடுத்த ஆபீசுக்குப் போகவில்லை.

அதற்குள் விக்ரோலியில் பெண்களுக்குத் தோல் வேலை கற்றுக்கொடுக்க ஆள் எடுத்தார்கள். அக்காவுக்கு அதில் அப்படியொரு ஆசை. சலவைப் புடவை உடுத்திக்கொண்டு போனாராம். ஹெல்பர் அட்டைக்கு அங்கே இடமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். "அந்த ஆபீசரு கார்டைத்தான் பாத்தாரு, மாமி. ஒரு தோலைக் குடுத்து வெட்டச் சொல்லியிருக்கலாம்லா?" என்று மட்டும் என்னிடம் கேட்டார். திங்கட்கிழமை கட்டாயம் போய்விடுகிறேன் என்றேன். போயிருக்கலாம். போகவில்லை. அடுத்த மாதமே மஞ்சள்காமாலையில் படுத்தார். எழுந்திருக்கவில்லை.

ஏழாம் நாள் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு ஷாஹினாவிடம் போனேன். திட்டுவாள், திட்டட்டும் என்றுதான் போனேன். அவள் பிரித்து, எழுத்தெழுத்தாக, சத்தமாக இந்தியில் வாசித்தாள். 'ரஹ்மத் பீவி எங்கள் காரிகர்' என்ற இடத்தில் நின்றாள். மறுபடி முதலிலிருந்து வாசித்தாள். கையெழுத்துப் போட்டவர்களின் பெயர்களையும் ஒன்று விடாமல் வாசித்தாள். "இத நான் வச்சுக்கிடட்டா, மாமி? உம்மாவ காரிகர்னு எழுதுன காயிதம் வீட்டுல வேற இல்ல" என்றாள். என்னிடம் போய்க் கேட்கிறாள்!

கடிதம் அவளுடையது, கொடுத்துவிட்டேன். பீரோவிலிருந்து அட்டையை எடுத்து, "இது இனிமே யாருக்கு, கிழிச்சுப் போட்டுருதேன்" என்றாள். வேண்டாம் என்று கேட்டு வாங்கி வந்தேன். அதில் அக்காவின் போட்டோ இருக்கிறது. அதன் கீழே நான் எழுதிய சொல் இருக்கிறது. அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதுதான்.