ஆறாத நகம்

சேலையூரில் எங்கள் வீட்டு ஓனர் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பக்கத்துப் போர்ஷனில் தனியாக இருந்தார். எங்கள் பக்கத்துச் சிவப்பு சிமெண்டுத் தரையைக் கூடவே நின்று போட வைத்தவர். அதில் எங்கள் நாயின் நகம் கோடு கோடாகக் கீறியிருந்ததைப் பார்த்ததும் முகம் கறுத்துவிட்டது.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள இத எங்கயாவது அனுப்பிடுங்க டீச்சர்."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கீறுவது நகம்தானே, நகத்தை எடுத்துவிட்டால் போயிற்று. திங்கட்கிழமைதோறும் வகுப்புப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நகம் பார்க்கிறவள் நான். ஒரு நாய்க்கு வெட்டத் தெரியாதா?

சனிக்கிழமை காலை, கணவர் நாயைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். நான் துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுத்தேன். பிள்ளைகளுக்கு வெட்டுவது போலவே நகத்தை ஒட்ட வெட்டினேன். நாய் வீல் என்று கத்தியது. நகத்திலிருந்து ரத்தம். மஞ்சள் தூளை அப்பினேன், நிற்கவில்லை. நாய் திமிறிக்கொண்டு நொண்டி நொண்டி வாசலுக்கு ஓடியது. சத்தம் கேட்டு அங்கே வந்து நின்றவர் ஓனர்.

தரையெல்லாம் ரத்தச் சொட்டு. தொலைந்தோம் என்று நினைத்தேன். அவர் தரையைப் பார்க்கவே இல்லை.

"இன்னா டீச்சர் இது? கறுப்பு நகம், உள்ள ரத்தம் எதுவரைக்கும் கீதுன்னு வெளிய தெரியாது. நுனிய மட்டும் கொஞ்சமா எடுக்கணும்."

ஓடிப்போய்த் தன் ஷேவிங் டப்பாவிலிருந்து படிகாரம் கொண்டுவந்தார். பொடித்து நகத்தின் மேல் வைத்து, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்தார். எரிச்சலில் நாய் முனகியது. "ஆச்சுடா, ஆச்சுடா" என்று அவர் சமாதானம் சொன்னார். ரத்தம் நின்றது.

"தினமும் தார் ரோட்டுல நடக்க வுட்டா நகம் தானா தேயும். கத்தரியே வேணாம்."

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கிளம்பும்போது, நாயை எப்போது அனுப்ப வேண்டும் என்று அவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"காலு ஆறட்டும்."

நான்கு நாளில் ஆறிவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து தினமும் காலையில் அவரே வந்து நாயை கேம்ப் ரோட்டுப் பக்கம் நடக்க அழைத்துப் போனார். கிளம்புமுன் அதன் காலைத் தூக்கி அந்த நகத்தை உற்றுப் பார்ப்பார்.

"இன்னும் முழுசா ஆறல டீச்சர்" என்பார்.

ஆறு வருடம் அப்படியே சொல்லிக்கொண்டிருந்தார்.