இரண்டு வாசல் மண்டபம்

2024 நவம்பர் 14, வியாழன். காலை 7.40க்கு ஜெர்மனியின் பான் நகர நிலையத்தில் ரயில் ஏறினோம். மைன்ஸ் வரை ஏறக்குறைய நூற்றைம்பது கிலோமீட்டர். என் 49 யூரோ மாதச் சீட்டே போதுமானது. ரைன் நதியோரப் பாதை என்றார்கள். நதியைக் காணவில்லை, மூடுபனிதான்.

பானில் நான் தங்கியிருந்த வீட்டுக்காரர் சுகந்தி, யாழ்ப்பாணத்துக்காரர், பள்ளி வரலாற்று ஆசிரியை. அமெரிக்க அடிமைமுறையும் அதன் எச்சங்களும் அப்போதைய பாடம். அமெரிக்கப் படை காலி செய்துபோன முகாமொன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றார். துணைக்கு மாணவி நிரஞ்சனாவின் அம்மாவும் வந்தார். ரயிலில் அவர்தான் பேச்சைத் தொடங்கினார்.

"டீச்சர், ஊரிலை நீங்கள் எந்தப் பக்கம்?"

"சின்னனிலையே வந்திட்டம், அக்கா."

"அதுக்கென்ன, கும்பிட்ட கோயிலுமோ மறந்துபோச்சு?"

சுகந்தி சிரித்து மழுப்பினார். கோயிலைச் சொன்னால் தெரு தெரியும். தெரு தெரிந்தால் சாதி தெரியும். மைன்ஸில் இறங்கியதும் என்னிடம் மெல்லச் சொன்னார்: "தெரிஞ்சா என்ரை ஞாயிறு தமிழ் வகுப்புக்கு ஒரு பிள்ளையும் வராது, அண்ணை. பதினொரு வருசமா நடத்துறன்."

பேருந்தில் அரைமணி நேரம். முகாமில் ஆளில்லாத வீடுகளுக்குத் தெருவிளக்குகள் பகலிலும் எரிந்துகொண்டிருந்தன. நடன மண்டபத்துக்கு இரண்டு வாசல்கள். உரிந்த சுண்ணாம்புக்கு அடியில் ஆங்கில எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தன. நாங்கள் பேசாதபோதும் உள்ளே ஏதோ முணுமுணுத்தது, காற்றாக இருக்கலாம்.

பாடம் ஜெர்மனில் நடந்தது. நிரஞ்சனா என் காதருகே தமிழில் சொல்லிவந்தாள். அமெரிக்கப் படையில் நிறப் பிரிவினையை ஒழிக்க 1948இல் ஆணை வந்தும் இங்கே நடைமுறைக்கு வரச் சில ஆண்டுகள் பிடித்தன. ஹிட்லரை வெல்ல வந்த கறுப்பினச் சிப்பாய்க்குத் தனிப் படையணி, நடனத்துக்கும் தனி வாசல். ஊர் திரும்பியவர்களுக்கு வீட்டுக்கடன் தரச் சட்டம் இருந்தது. கறுப்பர் பெரும்பாலோருக்கு வங்கிகள் கைவிரித்தன. அப்பனுக்கு வீடில்லை, அதனால் பிள்ளைக்கும் சொத்தில்லை.

நிரஞ்சனா கையுயர்த்தி ஏதோ கேட்டாள். "நிறம் ஒண்டா இருந்தா ஆக்களை எப்பிடிப் பிரிப்பினம் எண்டு கேட்டனான்" என்றாள் என்னிடம்.

சுகந்தி ஜெர்மனிலேயே பதில் சொன்னார். நிரஞ்சனா அதையும் தமிழில் சொன்னாள்.

"கேட்டுக் கேட்டுப் பிரிப்பினமாம். இண்டைக்கு ரயிலிலையும் தன்னட்டைக் கேட்டவையாம்..." நிரஞ்சனாவின் குரல் நின்றது. "அம்மாவைத்தான் சொல்லுறா."

சுகந்தி தமிழுக்கு மாறி, அந்த அம்மாவை நேரே பார்த்துக் கோயிலின் பெயரைச் சொன்னார். "அப்பா வெளியிலை நிண்டுதான் கும்பிட்டவர். உள்ளுக்கை விடேல்லை."

திரும்பும் ரயிலில் அந்த அம்மா வேறு பெட்டியில் ஏறிக்கொண்டார்.

நவம்பர் 17, ஞாயிறு, நான் ஊர் திரும்பும் நாள். பத்து மணித் தமிழ் வகுப்புக்குச் சுகந்தி பானில் அது நடக்கும் மண்டபத்தைத் திறந்து, விளக்கேற்றி, கரும்பலகையில் தேதி எழுதினார். மூன்று நாளில் செய்தி பரவியிருந்தது; நிரஞ்சனா மட்டும் டிராமில் வந்திருந்தாள்.

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"ஓம். காரிலை கொண்டுபோய் விடமாட்டன் எண்டவ. நடந்தெண்டாலும் போவன் எண்டனான்."

"அப்ப புத்தகத்தை எடும்."

பத்தரைக்கு நான் பெட்டியுடன் வெளியே வந்தேன். எங்கள் ஊரென்றால் இந்நேரம் தெருவே கூச்சலிட்டிருக்கும். இங்கே பனிக்குள் வரிசையாகக் கார்கள், முன்விளக்குகள் எரிய, என்ஜின் ஓடியபடி நின்றன. பின்னிருக்கைகளில் புத்தகப்பையுடன் பிள்ளைகள். ஒருவரும் இறங்கவில்லை, ஒருவரும் திரும்பிப் போகவும் இல்லை.